பதினாலாம் நம்பர் மிஷினின் ஊசி முனை

வீரபாண்டிப் பக்கம் லைன் வீடுகளில் யாருக்கு உடம்புக்கு என்ன வந்தாலும் முதலில் விஜயராணிக்குத்தான் தெரியும். டாக்டருக்கு அதற்குப் பிறகுதான் தெரியும், சில சமயம் தெரியாமலே போய்விடும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் பிழைக்க வந்தவள். படிப்பு எட்டாவது. வேலை, குழந்தைகள் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் சிங்கர் மிஷின் டெய்லர். இந்தத் தகுதிகளை வைத்துக்கொண்டு அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. இடுப்பு வலிக்கு ஒன்று, இளைப்புக்கு ஒன்று, பக்கத்து வீட்டு ராக்கம்மாளின் கால் வீக்கத்துக்கு வாரம் ஒன்று என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ராக்கம்மாளின் கால் அப்படியேதான் இருக்கிறது.

எல்லோரிடமும் அவள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. "நோய மட்டும் மறைக்கக் கூடாது. மறைச்சா அது உள்ளயே வேலையக் காட்டிரும்."

இதைச் சொல்லிக்கொண்டே தன்னுடைய சர்க்கரை மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லி விழுங்குவாள். சர்க்கரை வந்து ஏழு வருடமாகிறது. முதலில் பாதம் மரத்தது. ஒரு நாள் செருப்பு ஒன்று வழியிலேயே கழன்று போக, அது தெரியாமல் கம்பெனி கேட் வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தாள். "வார் அறுந்துருச்சு" என்று சமாளித்தாள். அடுத்து விரல் நுனிகள் மரக்க ஆரம்பித்தன. அதற்குப் பிறகு வேலை நேரத்தில் இடது ஆள்காட்டி விரலில் பனியன் வேஸ்ட் துணியை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கேட்டால் நகச்சுத்து என்பாள். உணர்ச்சியில்லாத விரலை மிஷின் முன்னால் யார் வைக்க விடுவார்கள்? பதினாலாம் நம்பர் மிஷின் போனால் பிசிறு வெட்டும் மேஜைதான். இருபத்திரண்டு வருடம் தைத்தவள் கத்தரியோடு நின்று, மற்றவர்கள் தைத்ததில் தொங்கும் நூலை வெட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அவளுடைய மற்ற நோயாளிகள் பூனைகள். மத்தியானச் சாப்பாட்டில் பாதி அவற்றுக்குத்தான் போகும். கம்பெனிச் சந்தில் திரிந்த ஆறு பூனைகளில் ஒன்று காது கிழிந்த, மூன்று நிறப் பெண் பூனை. அதற்கு அவள் வைத்த பெயர் செகண்ட்ஸ். தையலில் குறை இருந்து கழித்துப் போட்ட பனியனை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். செகண்ட்ஸுக்குக் கம்பெனிக்குள்ளேயே இடம் கிடைத்தது. துணி ரோலை எலி கடித்து வைத்ததால், சூப்பர்வைசர் குகன் கண்டும் காணாமல் இருந்தான். பதினாலாம் நம்பர் மிஷினுக்கு அடியில் வேஸ்ட் கூடையில் அது படுத்திருக்கும். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் அதற்கு லீவு.

குகன் நல்ல மனிதன். உள்ளூர் நெசவுக் குடும்பம். தறியை விற்றுவிட்டுக் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை. செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விரதம், மற்ற நாட்களில் ஷிப்மென்டுக்கு விரதம். யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டான். வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட வாங்க, போங்க என்றுதான் நிறுத்துவான்.

குழந்தைத் துணி தைக்கும் கம்பெனிகளில் ஊசிக்கு ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். அந்தத் துண்டுகளை நோட்டில் வைத்து, மேலே டேப் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு முனை குறைந்தாலும் தையல் லைன் முழுக்க நிற்கும். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் தோலில் அது குத்திவிடக் கூடாது. நியாயமான சட்டம்தான். குழந்தைக்குக் குத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை, கழுத்தில் லேபிள் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கையில் விஜயராணியின் ஊசி டக்கென்று உடைந்தது. மேல் துண்டு மிஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு மேஜையில் கிடந்தது. முனையைக் காணோம்.

"அக்கா, முனை எங்கீங்க?" என்றான் குகன்.

"இங்கனதான் விழுந்திருக்கும் தம்பி."

லைன் நின்றது. நாற்பது பேர் குனிந்து தரையைத் தடவினார்கள். காந்தத்தைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். எல்லோரையும் தலைமுடியை உதறச் சொன்னார்கள். அன்றைக்குத் தைத்த பனியன் அத்தனையையும் உலோகம் இருந்தால் கத்தும் டிடெக்டர் மிஷினில் ஓடவிட்டார்கள். அது வாயே திறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். நோட்டில் முனையை ஒட்டாமல் பெட்டியை மூடக் கூடாது என்று துணி வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆள் போனிலேயே சொல்லிவிட்டார்.

அப்போது குகனின் பார்வை மிஷினுக்கு அடியில் போயிற்று. கூடையில் செகண்ட்ஸ் நாக்கைச் சுழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"இது முழுங்கிருச்சுங்க," என்றான் குகன்.

இப்படி ஒரு யோசனை வேறு ஊரில் யாருக்காவது வந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அந்த ஹாலில் ஒருத்தருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. துணியைச் சோதிக்கிற, கையில் பிடிக்கும் சின்ன டிடெக்டரைக் கொண்டுவந்தார்கள். பூனை மற்றவர்களைக் கீறியதால் விஜயராணியே அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். இடது கை பூனையின் வயிற்றுக்கு அடியில் இருந்தது. டிடெக்டர் தலைக்கு நேரே வந்தபோது சும்மா இருந்தது. வயிற்றுக்கு வந்ததும் பீப் பீப் என்று கத்தியது. ஹாலே கைதட்டியது.

செகண்ட்ஸை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் அடைத்தார்கள். வாட்ச்மேன் அந்தோணிராஜுக்குப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பூனை வெளிக்குப் போனால் உடனே தகவல் சொல்ல வேண்டும், போகாவிட்டாலும் மணிக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். பதினெட்டு வருடம் லாரி ஓட்டிய மனுஷன், பூனைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கிங்கில் ஒருத்தர் விளக்கெண்ணெய் யோசனை சொன்னார். அதையும் புகட்டினார்கள். பூனை பிடிவாதமாக இருந்தது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போமுங்க," என்றான் குகன். "வரலீன்னா கீறி எடுத்துத்தான் ஆகோணும். கீறறதுக்கு ஆளு சொல்லியாச்சுங்க. எனக்கும் பாவமாத்தான் இருக்குதுங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கழுவுவதற்காக விஜயராணி விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தாள். கடைசிச் சுற்றில் ஒரு பொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. விரல் நுனி கொஞ்சம் வீங்கி, நடுவில் ஒரு கருப்புப் புள்ளி இருந்தது. வலது கைப் பெருவிரலால் அமுக்கினாள். உள்ளே கட்டியாக ஏதோ நெருடியது. வலி துளிகூட இல்லை.

ஊருக்கே வைத்தியம் பார்த்தவளுக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. புரிந்ததும் துணியைத் திரும்பவும் சுற்றினாள், முன்பைவிட இரண்டு சுற்று அதிகமாக.

சோறு வடித்தபடியே கணக்குப் போட்டாள். சொன்னால் விரலைப் பார்ப்பார்கள். விரலைப் பார்த்தால் ஏன் வலிக்கவில்லை என்று கேட்பார்கள். அதோடு பதினாலாம் நம்பர் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு தெருப்பூனை போகும். சந்தில் இன்னும் ஐந்து கிடக்கிறது. ஊசியோடு வாழ்கிறவர்கள் உலகத்தில் இல்லையா என்ன? எங்கேயோ யாரோ தொடையில் ஆணியோடு முப்பது வருடம் இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். அப்படிக் கேள்விப்பட்டோமா, இப்போதுதான் உண்டாக்கினோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன விரலு?" என்றாள் ராக்கம்மாள், தண்ணீர்க் குடத்தோடு வந்தவள்.

"நகச்சுத்து."

"எலுமிச்சம்பழத்தச் சொருகு. நீதான எனக்குச் சொன்ன."

வியாழக்கிழமை காலையில் போனவுடன் அவள் மிஷினுக்குப் போகவில்லை. அட்டைப்பெட்டியைப் போய்ப் பார்த்தாள். செகண்ட்ஸ் முகமெல்லாம் எண்ணெயாக, முடி ஒட்டிப்போய், மூலையில் சுருண்டு கிடந்தது. அவளைப் பார்த்துக் கத்தக்கூட இல்லை. அந்தோணிராஜ் நோட்டில் எழுதி வைத்திருந்தார்: ஆறு மணி, இல்லை. ஏழு மணி, இல்லை. எட்டு மணி, இல்லை.

விஜயராணிக்கு வெட்கமாக இருந்தது. குற்றம் செய்யாத ஒன்று தன்னுடைய பொய்க்காக விளக்கெண்ணெய் குடித்திருக்கிறது. அது கீறுபடுவதைப் பார்த்துவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தால், அந்த மிஷின் தனக்கு எதற்கு என்று தோன்றியது. நேராகக் குகனிடம் போய் விரலை நீட்டினாள்.

"பூனைய விடுங்க தம்பி. முனை இதுல இருக்கு."

குகன் டிடெக்டரை விரலுக்கு நேரே பிடித்தான். அது கத்தியது. இரண்டு நாளில் முதன்முறையாக அவன் முகம் மலர்ந்தது.

"முழுசா இருக்குதுங்களா அக்கா? உள்ளார ஒடஞ்சிருக்காதுங்களே?"

கம்பெனிக்கு அடுத்த தெருக் கிளினிக்குக்கு அவனே வண்டியில் கூட்டிக்கொண்டு போனான். பாசத்தில்தான் போகிறான் என்று அவளும் கொஞ்ச நேரம் நம்பினாள். உள்ளே போனதும் சட்டைப்பையிலிருந்து நோட்டையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு டாக்டரின் முழங்கையை ஒட்டி நின்றான். முனை வெளியே வந்ததும் துடைக்கச் சொல்லி வாங்கி, மற்ற இரண்டு துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது. டேப்பை ஒட்டினான். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் ‘டெய்லர்’ என்று எழுதினான். டெய்லருக்கு என்ன ஆயிற்று என்று எழுத அந்த நோட்டில் கட்டம் இல்லை.

"மரத்துப்போக ஊசியே போடலியேம்மா, வலிக்கலியா?" என்றார் டாக்டர். "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?"

விஜயராணி குகனைத் திரும்பிப் பார்த்தாள். இனி அவள் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. குகன் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

கண்டெய்னர் நேரத்துக்குக் கிளம்பியது. செகண்ட்ஸைப் பெட்டியிலிருந்து திறந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போர்டில் குகனின் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. ‘கை உணர்வு குறைந்தவர்கள் அதை மறைத்து வேலை செய்வது குற்றம். அப்படிப்பட்டவர்களுக்கு மிஷினில் இடம் இல்லை.’ படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் பதினாலாம் நம்பரில் உட்கார்ந்தாள். விஜயராணி கத்தரியோடு மேஜைக்குப் போனாள். செகண்ட்ஸ் அவளோடு வரும் என்று எதிர்பார்த்தாள். அது வழக்கம்போலப் பதினாலாம் நம்பருக்கு அடியிலேயே படுத்துக்கொண்டது. சோற்றுக்கு மட்டும் இவளிடம் வந்தது.

அவளுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. பூனை மேல் ஒரு நாள், குகன் மேல் ஒரு நாள், தன் மேல் மற்ற நாட்கள். வைத்தியம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். ராக்கம்மாளின் கால் வீக்கம் தானாகக் குறைய ஆரம்பித்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விஜயராணி வாசல்படியில் உட்கார்ந்து வேஸ்ட் துணியை அடைத்துப் பூனைக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தாள். கைத்தையல்தான். ஊசி விரலில் ஏறிவிடாமல் கண்ணாலேயே பார்த்துப் பார்த்துத் தைக்கப் பழகியிருந்தாள். ஒரு வண்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே இறங்கியவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பிறகு கழற்றினான். குகன். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

"இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தனுங்க. விரல் எப்படீங்க இருக்குது?"

"விரலுக்கென்ன, சும்மாதான இருக்கு."

அவன் உட்கார்ந்தான். பிஸ்கட்டைக் கொடுத்தான். வெயிலைப் பற்றிப் பேசினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒரு சந்தேகமுங்க. எனக்கு இந்த வலது கைப் பெருவிரலு ஒரு மாதிரி இருக்குதுங்க. எழுதறப்ப பேனா நழுவுதுங்க."

"எத்தன நாளா?"

"தீவாளிக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சுங்க. உங்குளுக்கு இதெல்லாம் தெரியுமேன்னுதான் வந்தேன். ஊட்டுல கூடச் சொல்லலீங்க."

தீபாவளி ஐப்பசியில் போயிற்று. நோட்டீஸ் தையில் ஒட்டியது. விஜயராணி மனதுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தாள். மெத்தையை ஓரமாக வைத்துவிட்டு, ஊசிப் பாக்கெட்டிலிருந்து புது ஊசி ஒன்றை எடுத்தாள்.

"கையக் குடுங்க. ஒணர்ச்சி இருக்கான்னு பாத்துருவோம். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க."

குகன் கையை நீட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"மெல்லக் குத்துங்க அக்கா. எனக்கு ஊசின்னாலே பயமுங்க."

அவள் அவன் பெருவிரலைப் பிடித்திருந்தாள். அவன் நெற்றியில் வியர்த்தது.

"எப்பங்க குத்துவீங்க?"

"குத்தியாச்சு தம்பி, மூணு தரம்."

குகன் திரும்பி விரலைப் பார்த்தான். மூன்று சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. விஜயராணி ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அவனுக்கு நன்றாகத் தெரியும்படி காட்டினாள்.

"ஊசி ஒடையல. முனையோட முழுசா இருக்கு, பாத்துக்கிடுங்க."