கயிறு கட்டாதது யார்?

"பெல்ட் இருந்துச்சு. கயிறு கட்டல."

குணமணியின் விரல்கள் ஒலிப்பதிவை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓடவிட்டன. 'அவர் கயிற்றைக் கட்டவில்லை' என்று ஆங்கிலத்தில் தட்டின. தட்டிய வேகத்திலேயே அழித்தன.

குணமணி கப்பல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அகராதிகளையும் பழைய வழக்குத் தாள்களையும் வைத்துத் தானாகவே மொழிபெயர்ப்பு கற்றவர். லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அவருடைய அறை. வக்கீல்கள் அனுப்பும் தமிழ்ப் பேச்சை ஆங்கிலமாக்கிக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். சொல்லாததைச் சேர்க்கமாட்டார்.

பதிவில் பேசியவர் சேதுபதி, கிராஞ்சி விடுதியில் தங்கியிருக்கும் கட்டுமானத் தொழிலாளி. அவர் கண்ணெதிரே கூரையிலிருந்து விழுந்து இறந்தவர் இளமாறன். எல்லைக்கு அப்பாலுள்ள ஜொகூரிலிருந்து தினமும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக வேலைக்கு வந்து போனவர். அவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று மனைவி அமலாவிடம் நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள்.

அமலாவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. வேலையிட விபத்து இழப்பீடு கேட்டால் யார் மேல் தப்பு என்ற கேள்வியே எழாது. சட்டம் வகுத்த தொகை வரும். வழக்குப் போட்டால் நிறுவனத்தின் தப்பை நிரூபிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. வக்கீல் ஆரணி இதை விளக்கியபோது அமலா கேட்டது ஒன்றுதான்: "எதுல அவரு மேல தப்பில்லன்னு எழுதுவாங்க?"

"வழக்குலதான். ஆனா சாட்சி நிக்கணும்."

குணமணி ஆரணியைத் தொலைபேசியில் அழைத்தார். "கட்டாதது யாரும்மா?"

"கயிறு கட்டப்படலன்னு போட்டுடலாம் லா, ஆன்ட்டி."

"போடலாம். எதிர்த்தரப்பு அதையே காட்டி, அவர்தான் கட்டலன்னு சொல்லும். எனக்கும் தெரிஞ்சாகணும், மண்டை குடையுது."

"ஞாயித்துக்கிழமை சேதுபதியைக் கூட்டிட்டு வர்றேன். நீங்க அவர் வாயில வார்த்தை போட்டுடாதீங்க."

"நானா? உன் வாயைப் பார்த்துக்கோ."

ஞாயிறன்று சேதுபதி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"கயிறுன்னு சொன்னீங்களே, எந்தக் கயிறு?" என்றார் ஆரணி.

"கூரையில இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு இழுத்துக் கட்டுவாங்கல்ல, அது. அது இருந்தாதானே இடுப்பு பெல்ட்டோட கொக்கியை அதுல மாட்ட முடியும்?"

குணமணியின் பேனா நின்றது. 'யார்' என்பதையே சுற்றிக்கொண்டிருந்த அவருக்கு 'எது' என்று கேட்கத் தோன்றவேயில்லை.

"அதை யார் கட்டணும்?" என்றார் ஆரணி.

"சூப்பர்வைசர் ஆள் விட்டுக் கட்டணும். இளமாறன் அண்ணன் கயிறு எங்கன்னு கேட்டாரு. சூப்பர்வைசர் 'மாமியார் வீட்டுக்கா வந்திருக்கே, ஏறு'ன்னாரு."

"கோர்ட்ல சொல்வீங்களா?"

"வேலை போயிரும்ல, மேடம்?"

"போகலாம். வேற கம்பெனி பார்க்க உதவி பண்றேன். கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது."

சேதுபதி நாற்காலியில் நன்றாக நகர்ந்து உட்கார்ந்தார். "அண்ணன் எப்பவும் பெல்ட்டை இழுத்துப் பார்த்துட்டுத்தான் ஏறுவாரு. எழுதுங்க."

குணமணி பழைய பதிவின் வரியை 'கயிறு கட்டப்படவில்லை' என்றே ஆங்கிலமாக்கினார். பேச்சில் 'யார்' இல்லை என்று அடிக்குறிப்பு போட்டார். புதிய வாக்குமூலத்தை இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் ஆங்கிலத்திலும் அமைத்தார்.

அடுத்த வாரம் அமலா வந்து, இடப்பக்கத்தை நின்றபடியே வாசித்தார்.

"ஜெயிக்கும்னு சொல்ல முடியாதுக்கா" என்றார் ஆரணி.

"தெரியும். வழக்கே போடுங்க."

குணமணி கடைசித் தாளில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மை காயும்வரை காத்திருந்து, தாள்கட்டை ஆரணியிடம் நீட்டினார்.