ராஜமேரியின் விரலும் மரியசூசையின் அவசரமும்

பென்னாகரம் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்த மரியசூசைக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே வாய்க்காத சரக்கு. சோறு வேகும் வரை காத்திருக்க மாட்டார். அரை வேக்காட்டிலேயே தட்டு வைக்கச் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர்தான் நோயில் விழுந்த மனைவியை வருஷக்கணக்கில் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மனைவி ராஜமேரி நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். முதலில் கைகால் சோர்ந்தது, பிறகு பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஓர் ஆள்காட்டி விரலும் கண்களும்தான். ராஜமேரியின் தம்பி இன்னாசிராஜ், எண்பத்தைந்தாம் வருஷம் குவைத்திலிருந்து வந்தபோது, யாரோ கழித்துப்போட்ட வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை டீவியில் மாட்டி, கேசட்டில் ஒரு புரோகிராமும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். விசையை அழுத்தினால் டீவியில் இங்கிலீஷ் எழுத்து பெரிதாக வரும். அந்த எழுத்துகளை வைத்தே ராஜமேரி தமிழ் பேசினார். "தண்ணி." "மழ வருதா?"

ஓர் எழுத்தை வரைய அந்த மெஷின் ஆற அமர நேரம் எடுத்துக்கொள்ளும். மரியசூசைக்கு இருப்புக்கொள்ளாது.

"இதுக்குள்ள ஒகேனக்கல்லுக்கே போய்ட்டு வந்துறலாம், மேரி!"

ராஜமேரி கண்ணால் சிரிப்பார்.

விஷயம் இன்னாசிராஜுக்கு எட்டியது. அடுத்த வருஷம் லீவில் வந்த சிநேகிதர் முனிராஜிடம், கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான ஐசி, அதிலும் வேகமான ரகம் வைத்த சின்ன போர்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பழைய ஐசியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க வேண்டும்.

"பழசை அலுங்காம எடுத்து வெக்கச் சொன்னாருங்க," என்றார் முனிராஜ்.

"ஐசியோட நாப்பது காலையும் ஒவ்வொண்ணா ஈயத்த உருக்கி எடுக்கறதுக்குள்ள பொழுதே போயிருமுங்க." மரியசூசை, ரேடியோக்காரர்கள் வழக்கப்படி, கட்டரால் கால்களை நறுக்கிப் பழைய ஐசியைப் பிடுங்கி எறிந்தார். பதறாத காரியம் சிதறாது என்பதெல்லாம் ஊருக்கு உபதேசம்தானே!

புது போர்டை வைத்ததும் மெஷின் பறந்தது. மனைவியின் விரலை எடுத்து விசைமேல் வைத்தார். "இப்பப் பேசு, மேரி."

ராஜமேரி அழுத்தினார். ஒரே எழுத்து திரை முழுக்க ஓடி நிறைந்தது. அழுத்திய விரலைத் தூக்க அவருக்கு நேரம் பிடிக்கும். பழைய மெஷின் அதுவரை காத்திருந்தது, இது காத்திருக்கவில்லை. புரோகிராமைத் திருத்த மரியசூசைக்குத் தெரியாது. ராஜமேரி மறுபடி மறுபடி முயன்றார். ஏதோ சொல்லியே ஆக வேண்டும் என்ற தவிப்பு முகத்தில் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது.

கால் போன பழைய ஐசி இனி உதவாது என்பதால், தங்கை ரோசம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு மரியசூசை பெங்களூர் பஸ் ஏறினார். கடை கடையாக அலைந்து, அதே ரக ஐசியோடு திரும்பப் பத்து நாளுக்கு மேலாகிவிட்டது. ஒவ்வொரு காலாக நிதானமாகப் பற்றவைத்தார். வாழ்நாளில் அவர் நிதானமாகச் செய்த வேலை அது ஒன்றுதான். மெஷின் பழையபடி மெதுவாக ஓடியது. ராஜமேரியின் விரல்தான் அசையவில்லை. இவர் ஊரில் இல்லாத நாட்களில் அதுவும் சோர்ந்துவிட்டிருந்தது.

அன்றைக்கு என்ன சொல்ல வந்தார் என்று அதன்பின் மரியசூசை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். ஆமாம் என்றால் ராஜமேரி கண்ணை மூடித் திறக்க வேண்டும்.

"உந்தம்பியப் பத்தியா? பூசை வெக்கணுமா? எம்மேல கோவமா, மேரி?"

கண்கள் மூடாமல் அவரையே பார்த்தன. தவக்காலத்தில் ஒரு நாள் நிரந்தரமாக மூடிக்கொண்டன.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளில் ராஜமேரிக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். மரியசூசை மட்டும் எழவில்லை. ரோசம்மாள் தோளைத் தொட்டு, "வூட்டுக்குப் போலாம் வாண்ணா," என்றாள்.

"எல்லாம் கேட்டேன், ரோசம்மா," என்று உடைந்து அழுதார். "பயமா இருக்குதான்னு மட்டும் அவளக் கேக்கவே இல்லியே."