கொலுவில் இருந்த செஸ் போர்டும் சேகரண்ணாவின் இடது கையும்

நேற்று எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு ராணிக்குத் தலை போய்விட்டது!

(பயப்படாதீர்கள். மெக்சிகோ களிமண் ராணி.)

புதிதாக வந்த நண்பர்களுக்கு: நான் உலகத்து செஸ் செட்களை எல்லாம் சேர்க்கிற பைத்தியம். மைசூரில் தசரா என்றால் வீட்டுக்கு வீடு பொம்மை வைப்பார்கள். என் வீட்டுப் படிகளில் மட்டும் ராஜஸ்தான் ஒட்டகங்கள், ஸ்காட்லாந்தில் கிடைத்த பழைய காய்களின் நகல்கள் என்று செஸ் படைகள் நிற்கும்.

ஒரே ஒரு ரூல்தான். யாரும் தொடக் கூடாது!

நேற்று சாயங்காலம் எதிர்வீட்டு வசந்தாக்கா தன் கணவர் சேகரண்ணாவை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தார்.

அண்ணாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து பேச்சு இல்லை. வலது கையும் வராது. டிவி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார்.

"வரமாட்டேன்னுதான் தலையாட்டினாரு. நான்தான் விடல. நாலு மனுஷங்களப் பார்க்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்" என்றார் அக்கா.

கொலுவின் கீழ்ப்படி வரைக்கும் வந்தார்கள். அங்கே மெக்சிகோ செட்.

திடீரென்று அண்ணா தொண்டைக்குள் ஏதோ சத்தம் எழுப்பினார். முகம் சிவந்தது. இடது கையால் படியைத் தட்டினார்.

"ஐயோ, என்ன பண்ணுது? சும்னிரி, சும்னிரி!" சும்மா இருங்க என்று சொல்லப் போய், பதற்றத்தில் அக்கா கன்னடத்துக்குத் தாவிவிட்டார்.

அதற்குள் அந்தக் கை போர்டின் மேல் பாய்ந்தது. காய்கள் சிதறின. ராணி தரையில் விழுந்து இரண்டானாள்.

என் கண் முதலில் போனது உடைந்த ராணி மேல்தான். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ராணி மறந்துபோனாள்.

"மன்னிச்சுக்கம்மா. இனிமே இவர எங்கயும் கூட்டிட்டு வரமாட்டேன். என் தப்புதான்" என்று அழுதுகொண்டே வீல்சேரைத் திருப்பினார்.

அண்ணாவின் கை மட்டும் போர்டை விடவில்லை. மூலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம் இருங்க... அவரு எதையோ காட்டறாரு!"

குனிந்து பார்த்தேன்.

வலது கை மூலையில் கறுப்புக் கட்டம்!

செஸ் ஆடுகிறவர்களுக்குப் புரியும். அங்கே வெள்ளைக் கட்டம்தான் வர வேண்டும். போர்டைக் குறுக்கே வைத்திருக்கிறோம். (அடுக்கியவர் என் வீட்டுக்காரர். நான் முறைத்ததும் சுண்டல் எடுக்கப் போய்விட்டார்.)

"அண்ணா, போர்டு தப்பா இருக்கு, அதானே?"

வேகமாகத் தலையாட்டினார். கண்ணில் தண்ணீர். இவ்வளவு நேரம் கத்தியது இதற்காகத்தான் என்று ஒருவருக்காவது புரிந்ததே!

அக்கா அப்படியே நின்றுவிட்டார். "கல்யாணமான புதுசுல ஆபீஸ்ல ஆடுவாரு... நான் மறந்தே போயிட்டேன்" என்றார் மெதுவாக.

போர்டைச் சரியாகத் திருப்பி, டீப்பாய் மேல் வைத்தேன். உடைந்தவளுக்குப் பதிலாகக் கன்னத்தில் கை வைத்திருக்கும் ஸ்காட்லாந்து ராணியை நிறுத்தினேன்.

"ஆடலாமாண்ணா?"

இடது கை மெல்ல வந்து ஒரு சிப்பாயை நகர்த்தியது.

எவ்வளவு நேரம் ஆடினோமோ தெரியாது. சுண்டல் ஆறிப்போனது. வந்தவர்கள் கொலுவை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள்.

கடைசியில் அண்ணா குதிரையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என் ராஜாவுக்குப் போக இடமில்லை!

செக்மேட் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒற்றை விரலால் என் ராஜாவைத் தள்ளிவிட்டார். அப்புறம் பாதி வாயால் சிரித்தார்.

"சிரிக்கறாரு! ஏய், இவரு சிரிக்கறாரு!" என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

இன்று காலை அக்கா போன் செய்தார்.

"ஷேவிங்னாலே சண்டை போடுவாரும்மா. இன்னிக்கு அவரே தாடையத் தடவிக் காட்டறாரு. சட்டை வேற மாத்தணுமாம். உன் வீட்டைக் கை காட்டிட்டே இருக்காரு. வரலாமா?"

"இதென்னக்கா கேள்வி, வாங்க!" என்றேன்.

குவெம்புநகர் பக்கம் நன்றாக செஸ் ஆடுகிற நண்பர்கள் யாராவது இருக்கிறீர்களா? சாயங்காலம் வாருங்கள், காபி உண்டு.

எல்லா செட்டையும் தொடலாம்!