பதினொரு பெண்களும் நான்கு நற்சான்றிதழ்களும்

ஜெர்மனியின் பான் நகரில் நாங்கள் இருந்த வீட்டுக்கு அறுபத்திரண்டு படிகள். அந்தக் குளிர்காலத்தில் நகர நூலகத்திலிருந்து வீடியோ கசற்றுகளைச் சுமந்துகொண்டு ஏறும்போதெல்லாம் எண்ணினேன். எல்லாம் போருக்குப் பிந்திய பிரித்தானியக் கறுப்பு வெள்ளைப் படங்கள். கொழும்பில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது பகல் காட்சிகளில் நான் பார்த்த வகை. மழை, புகைவண்டி, அளவு பொருந்தாத மேலங்கியோடு ஓடும் ஒரு பெண்பிள்ளை, கடைசியில் உயரமான மேசைக்குப் பின்னால் தொப்பி வைத்த நீதவான் அம்மையார்.

மகளின் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளி விட்டு இரண்டு மணிக்கு வருவாள். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு என்னோடு பார்ப்பாள்.

“அம்மப்பா, இவள் பொய் சொல்லுறாள். கண்ணைப் பாருங்கோ.”

“பொய்யில்லைப் பிள்ளை, பசி.”

“பசியெண்டா பாண் எல்லோ எடுக்கோணும்? ஏன் மணிக்கூடு எடுத்தவள்?”

வீட்டில் எதற்கும் ஜெர்மனில் பதில் சொல்கிறவள், அந்தப் பெண்களைப் பற்றி மட்டும் தமிழில் வாதாடுவாள். அந்தப் பின்னேரங்களைப்போல இதமானவை எனக்கு இந்த நாட்டில் அதிகம் வாய்க்கவில்லை. பதினொரு படங்கள் பார்த்தோம். பதினொரு பெண்களில் எட்டுப்பேர் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். கொப்பியில் குறித்து வைத்திருந்தேன்.

மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. பேத்தி கடையொன்றில் இரண்டு உதட்டுச்சாயத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பிடிபட்டிருக்கிறாள். யூகென்ட்அம்ட் என்கிற இளையோர் நல அலுவலகத்தில் டெர்மின், நேரில் வரச்சொல்லிக் குறித்த நாள். பத்தொன்பது நாள் இருந்தது. மகள் குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: “அப்பா, வெளியில ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.”

எனக்கு நித்திரை போயிற்று. பதினொன்றில் எட்டு. பிள்ளையைக் கொண்டுபோய் எங்கேயாவது அடைத்துவிட்டால்? எங்கள் ஊரில் வேலைக்கும் விசாவுக்கும் பொலிஸ் வழக்குக்கும் முதலில் தேடுவது நற்சான்றிதழைத்தான். ஆகவே வீட்டில் சொல்லாமல் புறப்பட்டேன். கோயில் ஐயர், நடன ஆசிரியை, சங்கத் தலைவர் ஆகிய மூவரிடமும் வாங்கிய பின்னர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளரிடம் போனேன்.

“ஏலாதெண்டு சொல்லேல்லை மாஸ்டர். ஆனா பதினைஞ்சு வயசுப் பிள்ளைக்கு இப்ப எதுக்கு இது?”

“யூகென்ட்அம்ட்டுக்குக் குடுக்கோணும்.”

“ஓ,” என்றார். முத்திரையை இரண்டு தரம் குத்தினார்.

நான்கையும் அகராதி பார்த்து நானே ஜெர்மனில் மொழிபெயர்த்து, கையெழுத்திட்ட தாள்களோடு இணைத்தேன். டெர்மினன்று மகளுக்கு வேலையில் விடுப்பில்லை என்றதால் நான்தான் பேத்தியோடு போனேன். அங்கே இருந்த அதிகாரி முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். மேசையில் சைக்கிள் தலைக்கவசம் கிடந்தது. தாள்களை நீட்டினேன். நிதானமாக வாசித்துவிட்டுப் பேத்தியிடம் கேட்டார், “நீ பொய்யே சொன்னதில்லை, பிறர் பொருளைத் தொட்டதில்லை என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். சரிதானா?”

பேத்தி தாள்களை வாங்கிக் கையெழுத்துகளைப் பார்த்தாள். பிறகு தமிழில் என்னைக் கேட்டாள்.

“இவையளுக்கெல்லாம் தெரியுமோ, அம்மப்பா?”

தாள்களைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவள் அந்தப் பெண்ணிடம் திரும்பி, “சரியில்லை. எடுத்தது நான்தான். ஒருத்தரும் எடுக்கச் சொல்லவில்லை” என்றாள். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. முதியோர் இல்லச் சமையலறையில் இருபது மணித்தியாலம் வேலை. அதை முடித்தால் வழக்கில்லை. அடைப்பதென்ற பேச்சே எழவில்லை.

திரும்பும்போது ட்ராமில் ஏழாவது தரிப்பிடத்தில் சொன்னாள்: “சும்மா வந்து பக்கத்தில நிண்டிருந்தாலே போதும், அம்மப்பா.”

அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்தப் படங்கள் ஓடவில்லை. பயந்து பயந்து நான் காப்பாற்றப் பார்த்த பிள்ளையை ஊர்வாயில் போட்டுக் கொடுத்தவன் நானே.

சனிக்கிழமை வந்தது. அதற்குள் சங்கதி பரவியிருந்ததால், தமிழ்ப் பள்ளிக்குப் போகவேண்டாம் என்று தாய் சொன்னாள். பேத்தி சப்பாத்தைக் கட்டினாள்.

“போறன். அம்மப்பாவும் வரட்டும்.”

கூடப் போனேன். கடைசி வரிசையில் ஒரு சிறு பிள்ளைக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். வகுப்பில் இருபத்துமூன்று பிள்ளைகள். இருபத்திரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கொப்பியைத் திறந்து, மேலே திகதியை எழுதினாள்.