ருசி திரும்பாத மதியச் சாப்பாடு

என் கணவருக்கு நாக்கின் அடியில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, அவர் மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வி உயிரைப் பற்றியதல்ல. இனிச் சாப்பிட முடியுமா என்றுதான் கேட்டார். மருத்துவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அவரைத் தெரியும்.

சிட்னிக்கு வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே ஆடம்பரம் வெளியே போய்ச் சாப்பிடுவதுதான். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் கோயிலுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் போவார்கள். இவர் இன்னும் சாப்பிட்டுப் பார்க்காத நாடு எது என்று தேடிக்கொண்டிருப்பார். எத்தியோப்பியக் கடையில் புளித்த அப்பத்தைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டு, "இது எங்கட தோசைக்கு ஒண்டுவிட்ட சகோதரம்" என்று எனக்குச் சொல்லி, அதையே கடைக்காரருக்கும் ஆங்கிலத்தில் சொல்லி, அவரோடு அரை மணி நேரம் கதைத்தவர்.

கதிர்ச் சிகிச்சைக்கு முகத்துக்கு அளவாக ஒரு வலைமூடி செய்வார்கள். அதைப் போட்டுத் தலையைக் கட்டிலோடு பூட்டிவிடுவார்கள். அந்த அறைக்கு வெளியே காத்திருக்கும்போதுதான் இவர் கைபேசியில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தார். நகரத்துக்குள், ஜப்பானியச் சமையலும் பிரேசில் சமையலும் கலந்த கடை. அப்போது இவருக்குத் தண்ணீரே விழுங்க முடியாது. வயிற்றில் குழாய் வைத்து, அதனூடாகப் பால் போன்ற சத்துணவை ஏற்றிக்கொண்டிருந்தோம். தொண்டை வெந்து குரலும் போயிருந்தது. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி எனக்குக் காட்டுவார். ஒருநாள் என் காதுக்குள், "இது முடியட்டும். முதல் அங்கதான் போறம்" என்றார்.

முடிந்தது. புற்று போய்விட்டது என்றார்கள். குழாயையும் கழற்றினார்கள். ருசி மெல்ல மெல்லத் திரும்பும், பொறுமையாக இருங்கள் என்றார்கள். மாதங்கள் போயின. மெல்பேர்னில் வேலை செய்யும் எங்கள் மகள் அப்பாவின் பிறந்தநாளுக்கு வந்தபோது அந்தக் கடையில் மேசை பதிவு செய்துவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. இவரோ காலையிலேயே சட்டையை அயர்ன் பண்ணி வைத்துவிட்டார். மெலிந்த கழுத்தைச் சுற்றி அந்தச் சட்டைக் கொலர் வளையம் போல நின்றது. மூவரும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேசனான பென்டில் ஹில்லில் ரயில் ஏறினோம்.

கடை வாசலிலேயே கரி அடுப்பின் மணம் பிடித்தது. இவர் நின்று மூச்சை இழுத்தார். மணம் மட்டும் இவருக்கு ஒருநாளும் போகவில்லை.

பரிமாற வந்த பெண்ணின் முகம் ஜப்பானிய முகம். பேச்சில் பிரேசில் இழுவை. அவளுடைய பூட்டனார் ஜப்பானிலிருந்து பிரேசிலுக்குக் கோப்பித் தோட்ட வேலைக்குப் போனவராம். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாங்களும் அப்பிடித்தான், ஊர் விட்டு ஊர் வந்த ஆக்கள்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். கோழி இதயத்தைக் கம்பியில் கோத்துச் சுடுவது இரண்டு நாட்டிலும் உண்டு என்று அவள் சொன்னதும், "பாத்தீரே? உலகத்தின்ர ரெண்டு மூலையிலயும் ஒரே சாமான்" என்று என் பக்கம் திரும்பினார். நோய் வந்த பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. ஒரு நிமிடம் எல்லாம் திரும்பிவிட்டது என்றே நம்பினேன்.

இவருக்கென்று நான் மீனைத் தெரிவு செய்தேன். தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன், அதற்குள் தடித்த ஜப்பானிய நூடில்ஸ். எங்கள் சொதி போல இதமாக இருக்கும், விழுங்கிவிடுவார் என்று நினைத்தேன். கரண்டியில் எடுத்து வாயில் வைத்தார். நானும் மகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்பிடி?"

"சுடுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சுடுது எண்டு மட்டும் தெரியுது" என்றார்.

"அப்பா, இட்ஸ் ஓகே. மெதுவா" என்றாள் மகள்.

பிறகு எங்களுக்கென்று வந்திருந்த கோழி இதயத்தை எடுத்தார். வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. மென்றார். மென்றுகொண்டே இருந்தார். வாயில் உமிழ்நீர் ஊறாத மனிதருக்கு இறைச்சி கரைவதில்லை. நார் நாராகப் போய் ஒட்டிக்கொள்ளும். மேலே பிழிந்திருந்த தேசிக்காய்ப் புளி வாய்க்குள் இன்னும் ஆறாத புண்ணில் பட்டிருக்க வேண்டும், கண் கலங்கியது. தண்ணீரை ஊற்றி விழுங்கப் பார்த்தார். இருமல் வந்தது. நிற்கவில்லை. பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. அந்தப் பெண் ஓடி வந்தாள். நான் நப்கினை அவர் வாயில் வைத்தேன். அதற்குள் துப்பினார். முகம் கறுத்துப்போயிருந்தது. அவளைப் பார்த்து, "வெரி நைஸ், வெரி நைஸ்" என்றார்.

போவோம் என்று எழுந்தேன். கையைப் பிடித்து இருத்தினார்.

"நீர் சாப்பிடும். எப்பிடி இருக்கெண்டு எனக்குச் சொல்லும்."

என்னால் முடியாது என்றேன். "சொல்லும்" என்றார் மறுபடியும்.

நான் ஒரு துண்டை வாயில் வைத்தேன். "வெளிப்பக்கம் கொஞ்சம் கருகின மாதிரி. உப்பும் இனிப்பும் சேர்ந்து ஒட்டுது. உள்ளுக்கை மெத்தெண்டு, ஈரல் மாதிரி..." இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் எழுந்து கழிவறைப் பக்கம் போய்விட்டாள். "மேல வறுத்த மரவள்ளி மா தூவியிருக்கு. நறுக்கெண்டு கடிபடுது." உண்மையைச் சொன்னால், அது மிகவும் நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"காணும், நிப்பாட்டும்" என்றார். கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

ரயிலில் திரும்பி வந்தோம். இறங்கும் நேரத்தில், "இனி என்னை ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகாதேயுங்கோ" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அடுத்த பரிசோதனையில் மருத்துவர், இவ்வளவு காலத்துக்குப் பிறகும் வராத ருசி இனி வருவது கடினம் என்றார். நோய் இல்லை, அதிர்ஷ்டசாலி என்றும் சொன்னார். இவர் தலையாட்டினார்.

இப்போது இவர் மேசைக்கு வருவதில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சத்துப்பாலை மருந்து போலக் குடித்துவிட்டு அறைக்குப் போய்விடுவார். வீட்டில் நான் தாளிப்பதில்லை. மணம் போய் அவரைத் தொடும். தொட்டுவிட்டு ஒன்றையும் கொடுக்காது. மகள் மெல்பேர்னிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம், "அப்பா சாப்பிட்டவரோ?" என்று கேட்பாள். "ஓம்" என்பேன்.

எனக்குப் பசிக்கும். அதை யாரிடம் சொல்வது? பென்டில் ஹில் கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கி, கடைகளுக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு, உள்ளேயே இருந்து அவசரமாகத் தின்பேன். பிறகு வாயைக் கொப்பளித்து, கண்ணாடியை இறக்கி மணம் போகும்வரை காத்திருப்பேன்.

ஒரு பின்னேரம் நிமிர்ந்து பார்த்தால், காருக்கு முன்னால் இவர் நிற்கிறார். நடப்பதற்கு வந்திருக்கிறார் போலும். என் வாய் நிறைய இருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை உயர்த்தி, சாப்பிடும் என்பது போல ஒரு சைகை காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் வீட்டுக்கு வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நித்திரை இல்லை என்பது தெரிந்தது. அடுத்த கிழமையிலிருந்து காரை, அவர் நடந்து வரமுடியாத தூரத்தில், நார்த்மீட் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.