கால் முறிந்திருந்தபோது வாசித்த புத்தகம்

என் மகளுக்கு ஒன்றரை வயது நடக்கும்போது நான் விழுந்து வலது காலை முறித்துக்கொண்டேன். இலுப்பைக்கடவையில் ஒரு வீட்டுக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தோம். நின்ற பலகை சறுக்கியது. மன்னார் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேல் வரை பிளாஸ்டர் போட்டு, மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பதினாறு வயதிலிருந்து மேசன் வேலை செய்கிறவன் நான். பகல் வேளையில் என் வீடு எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. வெயில் எந்த யன்னலால் எத்தனை மணிக்கு வருகிறது என்பதைக்கூட அந்த மூன்று மாதத்தில்தான் அறிந்தேன்.

எங்கள் வீடு வெள்ளாங்குளத்தில் இருக்கிறது. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய தாய் தகப்பனுக்கு இங்கே பிறந்தவன் நான். மனைவி தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, வளர்ந்த பிறகு குடும்பத்தோடு திரும்பி வந்தவள். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனோம், மகள் பக்கத்து வீட்டு அக்காவிடம் நின்றாள். நான் விழுந்த பிறகு மனைவி மட்டும் கச்சான் கடலைத் தோட்டங்களுக்குக் களை பிடுங்கப் போனாள். வேலிப் படலையைக் கயிற்றால் கட்டிவிட்டு அவள் போனதும், பாயில் நானும் மகளும்தான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா ஒரு கண் வைத்திருப்பா.

முதல் கிழமை ஏழு நாளும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகள் ஒரு மூலையில் தகர டப்பாவைத் தட்டுவாள். நான் இன்னொரு மூலையில் போனைப் பார்ப்பேன். அவள் அழுதால் பிஸ்கட் கொடுப்பேன்.

எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் ஒருநாள் பிள்ளையைப் பார்க்க ஸ்கூட்டியில் வந்தா. நிறை பார்த்தா. கிளினிக் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு கேட்டா:

"பிள்ளை என்னென்ன சொல்லுறா?"

"அம்மா எண்டு சொல்லும். பூனையக் கண்டா 'ஞா' எண்டும். வேற ஒண்டும் இல்ல மிஸ்."

அதே வயதுப் பிள்ளைகள் வீட்டுக்கு முன் ஒழுங்கையில் நின்று பத்துப் பதினைந்து சொல் சொல்வதை நான் கேட்டிருந்தேன். மனைவியிடம்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

மிஸ் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று கையைத் தட்டினா. மகள் திரும்பிப் பார்த்தாள்.

"காது நல்லாக் கேக்குது. நீங்கள் பிள்ளையோட கதைக்கிறனீங்களோ?"

"ஒண்டரை வயசுப் பிள்ளையோட என்னத்தைக் கதைக்கிறது மிஸ்?"

மிஸ் சிரித்தா. பையைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தா. "கிளினிக்கில இருந்தது. வைச்சிருங்கோ, பிறகு தந்தாச் சரி. பெரிய கதை ஒண்டும் இதில இல்ல. படத்தைப் பாத்துக் கதையுங்கோ. பிள்ளை எதைத் தொட்டுக் காட்டுறாவோ, அதைப் பற்றிக் கதையுங்கோ. அவ்வளவுதான்."

தடித்த மட்டையில் பன்னிரண்டு பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு சொல். மாடு, குடை, வாழைப்பழம், ரயில், நாற்காலி, குதிரை என்று போனது. மூலைகளில் பல் பதிந்திருந்தது. எங்களுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் அதைக் கடித்துப் பார்த்தார்களோ!

அன்று பின்னேரமே மகளை மடியில் இருத்தி, 'வாழைப்பழம்' என்று வாசித்தேன். அவள் பழத்தை நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. குனிந்து நக்கினாள். பிறகு மட்டையைப் புரட்டி, பழத்தின் மற்றப் பாதி பின்பக்கத்தில் இருக்கிறதா என்று தேடினாள். அங்கே ரயில்தான் நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலிக்கு அங்கால் இருந்து அக்கா எட்டிப் பார்த்தா.

"என்ன தம்பி, அப்பனும் மகளும் சோதினைக்குப் படிக்கிறியளோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு குரலைத் தாழ்த்தித்தான் வாசித்தேன்.

நான்கைந்து நாள் இப்படியே சுரண்டலும் நக்கலுமாகப் போனது. ஒரு காலையில் மகள் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடிச் சமைக்கிற குசினிப் பக்கம் போனாள். குசினி வாசலில் ஒரு கதலிக் குலை தாழத் தொங்கியது. குலைக்கு முன்னால் நின்று புத்தகத்தைப் பார்த்தாள். குலையைப் பார்த்தாள். வாழைப்பழப் பக்கத்தை விரித்து, அந்த மட்டையைக் குலையோடு சேர்த்து அழுத்தினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் பாயில் அசையாமல் இருந்தேன். புத்தகத்தில் இருப்பது பளபளவென்று மஞ்சளாக, ஒரே ஒரு நீளப் பழம். குலையில் தொங்குவது கட்டைக் கட்டையாய், கறுப்புப் புள்ளி விழுந்த பழங்கள். ஒன்று தட்டை, மணமில்லை, உரிக்க முடியாது. மற்றது கையில் கனக்கும். இரண்டும் ஒன்று என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. இப்படி ஒன்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

பின்னேரம் மனைவி வந்ததும் சொன்னேன். அவள் கால் கழுவிக்கொண்டிருந்தாள். "என்னங்க நீங்க, பழம் கேட்டிருப்பா. குடுக்க வேண்டியதுதானே?" என்றாள். "கேக்கேல்ல. காட்டினவ," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு மகள் காலையில் எழுந்ததும் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போடத் தொடங்கினாள். அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. மாட்டுப் பக்கத்தைத் திறந்தால் விரலை வைத்து, "ம்பு" என்பாள். "மாடு" என்பேன் நான். "ம்பு" என்பாள் மறுபடியும். குடைப் பக்கத்திலும் "ம்பு". ரயிலுக்கும் "ம்பு".

முதல் நாள் நான் பாம்பு என்று நினைத்துப் பயந்துபோனேன். ஊன்றுகோலால் பாயைக் கிளப்பிப் பார்த்தேன். அக்காவைக் கூப்பிட்டேன். அவ தடியோடு ஓடிவந்து அலுமாரிக்குப் பின்னால், அரிசி வாளிக்குப் பின்னால் எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கோதாரியும் இல்ல," என்று போனா. அடுத்த நாள் செம்பு கேட்கிறாளோ என்று செம்பில் தண்ணீர் கொடுத்தேன். தட்டிவிட்டாள். பிள்ளைக்கு எல்லாமே ஒரே சொல்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அவளுக்குக் கோபம் வரும். விரலை மட்டையில் அழுத்தி அழுத்திச் சொல்லுவாள். நான் "மாடு, மாடு" என்று உரத்துச் சொல்லுவேன். கடைசியில் புத்தகத்தை எறிந்துவிட்டு அழுவாள். இரண்டு கிழமை இப்படிப் போனது.

ஒரு நாள் மத்தியானம் அவள் சிந்திய சோற்றுக்கு எறும்புகள் வரிசை கட்டி வந்தன. மகள் குந்தி இருந்து அவற்றைப் பார்த்தாள். விரலை நீட்டி, "ம்பு" என்றாள். எறும்பு கடிக்கும், எறும்பு கடிக்கும் என்று அக்கா எந்த நாளும் சொல்லுவா. அங்கே பிடித்த சொல்.

"ஓம் மகள், எறும்பு," என்றேன்.

அவள் சட்டென்று எழுந்து போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். மாட்டுப் பக்கத்தை விரித்தாள். விரலை வைத்தாள். "ம்பு."

நான் குனிந்தேன். அவள் விரலை மெல்ல ஒதுக்கினேன். மாட்டின் பின்னங்காலுக்குக் கீழே, புல்லுக்குள், கடுகளவில் ஓர் எறும்பு. ஆறு காலும் வைத்துக் கீறியிருந்தது.

அடுத்த பக்கம் திருப்பினேன். குடைப்பிடியில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. வாழைப்பழத்தின் காம்பில் ஒன்று. ரயிலின் கடைசி யன்னலில் ஒன்று. நாற்காலியின் காலடியில், குதிரையின் வாலில்... பன்னிரண்டு பக்கத்திலும் எறும்பு இருந்தது. படம் கீறிய ஆள் யாரோ, பக்கத்துக்கு ஒன்றாக ஒளித்து வைத்திருந்தார்.

அந்தப் புத்தகத்தை நான் அதற்குள் நூறு தரமாவது திருப்பியிருப்பேன். சுவரில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் தூரத்தில் நின்று கண்டுபிடிக்கிறவன் என்று எனக்கு வேலையிடத்தில் பெயர். அப்படிப்பட்ட எனக்கு ஓர் எறும்பும் கண்ணில் படவில்லை. நான் பெரிய படத்தையும் அதன் கீழே இருந்த எழுத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தெரியாத பிள்ளை பக்கம் முழுவதையும் பார்த்திருக்கிறாள். இரண்டு கிழமையாக எனக்குச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். விளங்காதவன் நான்தான்.

"எறும்பு," என்றேன். "எறும்புதான் அம்மா. அப்பா இப்பதான் கண்டனான்."

அவள் முகம் விரிந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து, இம்முறை அவள் சொல்லவில்லை. நான் சொல்லட்டும் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எறும்பு," என்றேன். அடுத்த பக்கம். "எறும்பு." பன்னிரண்டு பக்கமும் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. அக்கா கேட்டாலும் பரவாயில்லை என்று உரத்தே சொன்னேன்.

அன்றிலிருந்து நான் வாசிப்பதை விட்டேன். அவள் விரல் போகும் இடத்துக்குப் பின்னால் போனேன். மாட்டின் மணியில் விரல் நின்றால் மணியைப் பற்றிக் கதைத்தேன். ரயில் புகையில் நின்றால் புகை. மடு வழியாகத் தலைமன்னாருக்குப் போகும் ரயிலைப் பற்றிக்கூட அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சொற்கள் வரத் தொடங்கின. மணி, பொகை, காலு, வாலு. ஒரு கிழமையில் ஒன்று, பிறகு ஒரு நாளில் இரண்டு.

ஒரு சிக்கல் வந்தது. புத்தகத்தில் நாற்காலி என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வது கதிரை. மனைவிக்கு அது சேர். பிள்ளை குழம்பிவிடுமோ என்று மிஸ் அடுத்த முறை வந்தபோது கேட்டேன்.

"மூண்டையும் சொல்லுங்கோ அண்ணை. பிள்ளையள் குழம்பாது, நாங்கள்தான் குழம்பிறது."

அவ சொன்னது சரி. கொஞ்ச நாளில் மகள் என்னிடம் கதிரையைக் காட்டி "கதி" என்றாள். பின்னேரம் தாய் வந்ததும் அதே கதிரையைத் தட்டி "சே" என்றாள். புத்தகத்தில் வந்தால் மட்டும் "நாக்காலி". யாருக்கு எந்தச் சொல் என்று அவள் பிரித்து வைத்திருந்தாள். மனைவி அன்று சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு வந்து என் பக்கத்தில் இருந்து, "எறும்ப எனக்கும் காட்டு பாப்போம்," என்று மகளிடம் கேட்டாள். மகள் ஒரு பக்கம் விடாமல் காட்டினாள்.

பிளாஸ்டரை வெட்ட மூன்று பேருமாக பஸ்ஸில் மன்னாருக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மகள் தாயின் இடுப்பில் இருந்தபடி துள்ளினாள். வீதி ஓரத்தில் இரண்டு கழுதைகள், ஒரு மட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டு நின்றன. எங்களுக்கு அவை பழகிப்போனவை, யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை.

"குதி!" என்றாள் மகள். "ப்பா, குதி!"

அவள் தன் வாழ்நாளில் குதிரையை உயிரோடு கண்டதில்லை. புத்தகத்துக் குதிரை வெள்ளை நிறம், அவள் உள்ளங்கை அளவுதான் இருக்கும். கண்முன்னே நின்றது சாம்பல் நிறத்தில், அவளைவிடப் பெரிதாக, அழுக்காக. ஆனாலும் நீண்ட முகம், பிடரி மயிர், குளம்பு. எல்லாவற்றையும் கூட்டி, இதுவரை காணாத ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். பெயர் பிழைதான். அந்தப் பிழையைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றை நான் கேட்டதில்லை.

"குதிரை மாதிரித்தான் அம்மா இருக்கு. இது கழுதை. காதைப் பாருங்கோ, எவ்வளவு நீளம்."

அவள் கழுதையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் வரிசையில் இருந்தபோது மனைவியின் பையிலிருந்து புத்தகத்தை இழுத்தெடுத்தாள். குதிரைப் பக்கத்தைத் தேடித் திருப்பி, காதைத் தொட்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். "கலுத... இல்ல," என்றாள்.

பக்கத்தில் கையில் கட்டோடு இருந்த ஒரு வயதான மனிதர் கேட்டார்: "தம்பி, பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"ரெண்டு முடியேல்ல ஐயா."

"அதுக்குள்ள கழுதை இல்ல எண்டு பிரிச்சுச் சொல்லுது!" என்றார் அவர், எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்து.

கால் சுகமாகி, மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கினேன். நடையில் சின்ன இழுப்பு மட்டும் மிஞ்சியது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, மிஸ்ஸிடம் வேறொன்று வாங்கினோம். மனைவியும் நானும் முறை வைத்து மகளை மடியில் இருத்துகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் நான் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். மகள் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றால் சீமெந்து நிலத்தில் கீறிக்கொண்டிருந்தாள். வளைந்து வளைந்து ஒரு சிக்கல், சிக்கலுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. முன்பும் கீறியிருக்கிறாள், கீறிவிட்டு ஓடிவிடுவாள். இந்தத் தரம் துண்டைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"ப்பா, மாடு."

எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அதில் மாடு இல்லை. புத்தகமும் அவள் கையில் இல்லை. ஒழுங்கையில் மாடு எதுவும் நிற்கவும் இல்லை. அது அவளுக்குள் இருந்தது. இருந்ததை எடுத்து, நான் பார்க்கட்டும் என்று நிலத்தில் போட்டிருந்தாள்.

நான் ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். "மாட்டுக்குக் கால் எங்க அம்மா?" என்று கேட்டேன்.

அவள் கீறலை உற்றுப் பார்த்தாள். ஓட்டுத் துண்டை எடுத்து, மிகக் கவனமாக, இன்னொரு கோடு போட்டாள்.