சிம்மக்கல் வண்டிக்கொட்டகை

கடைத்தெருவில் இன்று நனைந்த வெட்டிவேர்த் தட்டியின் வாசனை என்னை மறித்தது. வைகைக் கரையை ஒட்டிச் சிம்மக்கல்லில் இருந்த, பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் வண்டிக்கொட்டகை நினைவில் எழுந்தது. சட்டசபை உறுப்பினரான அப்பா காலைதோறும் மனுக் கொடுப்போரை அங்குதான் சந்திப்பார். குதிரைச் சாணமும் வைக்கோலும் வெற்றிலையும் சேர்ந்து மணக்கும் அந்த நிழலில், வாசலில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளித்தவாறே, பெரியவர்களின் குரல்கள் உயர்வதையும் தணிவதையும் கேட்டபடி நான் வளர்ந்தேன்.

அந்நாளில் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்கே வாக்குரிமை. வில்லாபுரத்துப் பண்ணையாட்களுக்கு அது இல்லை. குடிநீர்க் கிணறும் இல்லை. அவர்களுக்குக் கிணறு கேட்டு அப்பா அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோது, நிலக்காரர் ஒருவர் கொட்டகையிலேயே சிரித்தார்.

"ஓட்டில்லாதவங்களுக்கு எதுக்குண்ணே இம்புட்டு மெனக்கெடுறீக? அடுத்த எலெக்‌ஷன்ல அந்தக் கெணத்துக்குள்ளதான் எங்க ஓட்ட நீங்க தேடணும்!"

கிணறு வெட்டப்பட்டது. அடுத்த தேர்தலில் அப்பா தோற்றார். அதற்குக் கிணறு மட்டுமே காரணமென்று நான் அறுதியிட மாட்டேன். அப்பாவோ கிணறுதான் காரணமென்று நம்பினார்.

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை, இனி யார் வரப்போகிறார்கள் என்று, பெஞ்சுகளைத் துடைக்க வேண்டாமெனச் சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு வில்லாபுரத்துப் பெண்கள் சிலர் வந்து நின்றார்கள்.

"நான் இப்ப மெம்பர் இல்லம்மா" என்றார் அப்பா.

முன்னால் நின்றவள் விடவில்லை. "ஓட்டுப் போட்டவுகதான ஐயா ஒங்கள எறக்குனாக? நாங்க எறக்கலையே! கெளம்புங்க, ஆபீசத் தொறந்திருப்பாக."

அப்பா எழுந்து, குதிரையை வண்டியில் பூட்டச் சொன்னார்.